மெல்லக் கரையும் குளிசையை இடிக்கலாமா?

குளத்து நீரைத் துருசு வழியாக அளந்து திறந்தால் சிறுபோகம் முடியும்வரை வயலுக்குப் பாயும். அதே நீர் குளக்கட்டை உடைத்துக்கொண்டு ஒரே நாளில் வந்தால் பயிரும் போகும், வீடும் போகும். இரணைமடுவின் கீழ் வயல் செய்தவர்களுக்கு இதை நாம் சொல்லித்தரத் தேவையில்லை. சில குளிசைகளும் இந்தத் துருசு முறையிலேதான் செய்யப்படுகின்றன.

சாதாரண குளிசை வயிற்றில் விரைவாகக் கரையும். மருந்து இரத்தத்தில் ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டும். 1952இல் சிமித் கிளைன் அண்ட் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம், வெவ்வேறு தடிப்பில் மெழுகு போன்ற பூச்சிட்ட சின்னஞ்சிறு மணிகளை ஒரு கப்சூலுக்குள் அடைத்து விற்பனைக்கு விட்டது. மெல்லிய பூச்சுள்ள மணி முந்திக் கரையும், தடித்தது பிந்திக் கரையும். இன்று பரவலாக உள்ளது வேறொரு முறை. மருந்தை ஒருவகைப் பசைப்பொருளோடு கலந்து குளிசையாக அழுத்துகிறார்கள். ஈரம் பட்டதும் அது சர்பத்தில் போடும் கசகசாவைப் போல வழுவழுப்பாக வீங்கும். அந்த வழுவழுப்பைத் தாண்டித்தான் மருந்து சிறிது சிறிதாக வெளியே வரும். வெறும் சக்கை சிலவேளை மலத்தோடு போவதுண்டு. மருந்து செமிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

நீரிழிவுக்கான மெற்போமினும் பிறசருக்கான நிபெடிப்பினும் இரண்டு வகையிலும் உண்டு. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெல்லக் கரைவது. கடதாசி உறையில் போட்டுத் தந்தால் எந்த வகை என்று கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

அப்பம்மாவுக்கு விழுங்கக் கஷ்டம் என்று குளிசையை அம்மியில் பொடியாக்கிக் கொடுக்கிறோம். 1990களின் பொருளாதாரத் தடையும் 2022இன் மருந்துத் தட்டுப்பாடும் இருப்பதைப் பாதியாக்கி நாளைக்கும் வைக்கப் பழக்கிவிட்டன. சிக்கனத்தை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் மெல்லக் கரையும் குளிசையை இடித்தாலோ சப்பினாலோ கட்டு உடைந்த கதைதான்: அரைநாளுக்கோ ஒருநாளுக்கோ உரிய மருந்து ஒரேயடியாக இறங்கும். நிபெடிப்பின் என்றால் பிறசர் சடுதியாக விழுந்து ஆள் மயங்கலாம்; மருந்து சீக்கிரம் தீர்ந்து, அடுத்த வேளைக்கு முன் பிறசர் திரும்ப ஏறலாம். விரைவாக வேலைசெய்யும் நிபெடிப்பின் கப்சூலைக் கடித்து நாக்கின் கீழ் வைக்கும் வழக்கம் முன்பு வைத்தியசாலைகளிலேயே இருந்தது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைக் காட்டி, அதை நிறுத்தும்படி 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள்.

நடுவில் கோடுள்ள சில குளிசைகளை முறிக்கலாம். எதை என்று பாமசியில் கேட்ட பிறகே முறியுங்கள். விழுங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகைக்கு மாற்றித் தருவார். அப்போது அளவும் வேளையும் மாறும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரண்டாகப் போட வேண்டாம். இடம்பெயர்ந்து புதிய கிளினிக்குக்குப் போகும்போது கொப்பி தொலைந்திருந்தாலும் வெறும் மருந்து உறையையாவது கொண்டுபோங்கள். “பிறசருக்கு ஒரு சிவப்புக் குளிசை” என்று சொன்னால் எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியாது.