விழுங்கும் அணுவே வளர்க்கும் அணு

அன்புள்ள யாழினி,

"வெள்ளணு கிருமியோடு மல்லுக்கட்டும், சிவப்பணு ஆக்சிஜன் சுமக்கும். இரண்டுக்கும் ஒட்டு உறவே கிடையாதா பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். உண்டு. அந்த உறவு எலும்பு மஜ்ஜைக்குள் தொடங்குகிறது.

1958-இல் பிரெஞ்சு இரத்தவியலாளர் மார்செல் பெஸ்ஸிஸ், மஜ்ஜையில் ஓர் அமைப்பை விவரித்தார். நடுவில், வெள்ளணுக்களில் ஒரு வகையான மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணு. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, முதிராத சிவப்பணுக்கள். நடுவில் இருப்பதை அவர் செவிலி அணு என்றார். பொருத்தமான பெயர்தான். கிருமியைத் தின்பதாக நீ படித்த அதே வகை அணு, இங்கே பிள்ளை வளர்க்கிறது.

இளம் சிவப்பணுவைத் தன் மேற்பரப்புப் புரதங்களால் பற்றிக்கொண்டு, அது பெருகி முதிரத் துணை செய்கிறது இந்த விழுங்கணு. முதிர்ச்சியின் இறுதிக் கட்டத்தில் சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். அந்த உட்கருவின் மேலுறையில் 'என்னைத் தின்னலாம்' என்று உணர்த்தும் கொழுப்பு மூலக்கூறு தோன்ற, விழுங்கணு அதை உள்ளிழுத்துச் செரித்துவிடுகிறது. நம் உடலில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. அத்தனை உட்கருக்களையும் அகற்றியாக வேண்டுமே! அவற்றின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிக்கருக்கள் கடும் இரத்தசோகையால் பிறக்குமுன்பே மடிந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள்.

அடுத்தது இரும்பு. புதிய சிவப்பணுக்களுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து உடல் ஈர்ப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதியைத் தருபவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள். சுமார் 120 நாள் உழைத்து ஓய்ந்த சிவப்பணுக்களைத் தின்று, அவற்றின் இரும்பை மீட்டுத் தருகின்றன.

நோய்த்தொற்று வந்தால் நிலைமை மாறும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் அல்லவா? கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க, விழுங்கணுக்கள் இரும்பை வெளியே விடாமல் பூட்டிக்கொள்ளும். அழற்சிக் காலத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் வேறு சில புரதங்கள் இளம் சிவப்பணுக்களின் வளர்ச்சியையும் தடுக்கும். காசநோய், முடக்குவாதம் போல் நீண்ட நாள் வாட்டும் நோய்களில், கையிருப்பில் இரும்பு இருந்தும் இரத்தசோகை வருவது இதனால்தான்.

செவிலியின் பராமரிப்பு எப்போதும் நன்மையே செய்யும் என்றும் எண்ணிவிடாதே. 2013-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இரு குழுக்கள் எலிகளில் விழுங்கணுக்களை அகற்றிப் பார்த்தன. இரத்தம் இழந்த எலிகள் தேறத் தாமதமாயிற்று. ஆனால் பீட்டா தலசீமியா என்னும் மரபுவழி இரத்தநோய் உள்ள எலிகளுக்கோ இரத்தசோகை குறைந்தது! ஒரே அணு, ஓர் உடலில் உதவி, இன்னோர் உடலில் உபத்திரவம்.

ஆகவே, ஹீமோகுளோபின் குறைவு என்று அறிக்கை வந்தால் அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடாதே. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு, உடலில் அழற்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேள். காரணம் தெரிந்த பிறகு மாத்திரையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
பெரியம்மா