ஆதார் அட்டை முகங்கள்

கேள்வி: புகைப்பட இதழியல் படிக்கிறேன். எங்கள் ஊர் மனிதர்களைப் படமெடுக்கப் போனால் கேமராவைக் கண்டதும் விறைத்து நிற்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, விஸ்வநத்தம்

பதில்: ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல நிற்கிறார்களா? கோளாறு கேமராவில் இல்லை, அவசரத்தில். முதல் இரண்டு நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டிலிருந்து தொடங்குங்கள். மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், மீன் விற்ற தன் தாயையே படமெடுத்தவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து பதிவுசெய்தார்; 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவரைத் தேடி வந்தது.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்குள் கேமராவோ செல்போனோ வேண்டவே வேண்டாம். படம் வெளியிலேயே இருக்கிறது: விடியலில் வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள், மாலையில் அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாய் மின்னும் விரல்கள். முகம் காட்டத் தயங்குபவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கலாம். படம் எங்கே வரும் என்று முதலிலேயே சொல்லுங்கள். கைகளை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

உச்சி வெயில் கண்குழிகளில் கரியைப் பூசிவிடும். காலை எட்டுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பிறகும் எடுங்கள். பெயர், வயது, வேலை மூன்றையும் அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சுக்குப் பேர்போன சிவகாசி பக்கத்தில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? அடுத்த முறை, “என்னம்மா, இன்னைக்குப் படம் எடுக்கலியா?” என்று அவர்களே கேட்பார்கள்.