போலீஸ் கைவிட்ட புகார் சிவிலில் நிற்குமா?

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை போட என் கணவரின் நண்பர் 2023இல் எங்களிடம் 18,000 வெள்ளி வாங்கினார். 12,000 வங்கி வழியாக, 6,000 ரொக்கமாக. எழுதி வாங்கவில்லை. இப்போது, “சும்மா கொடுத்ததுதானே” என்கிறார். போலீசில் மேல்நடவடிக்கை இல்லை என்றார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலே எதிராளி தப்பிவிடுவார். சிவிலில் நீதிபதி பார்ப்பது, இருவர் சொல்வதில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான். சிவில் வழக்கானாலும் மோசடி என்று சொன்னால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற நிலை, பிரிவி கவுன்சில் வரை போன சாமிநாதன் - பாப்பா வழக்கின் பேரில் வெகுகாலம் நீடித்தது. சின்னையா அண்ட் சன்ஸ் வழக்கில் 2015இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இருந்தாலும் மோசடிப் பேச்சே வேண்டாம் என்பேன். கொடுத்த கடனைக் கேளுங்கள், போதும்.

அது கடன்தான் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது (1950 சாட்சியச் சட்டம், பிரிவு 101). பணம் போனதை வங்கிக் கணக்கு காட்டும். எதற்குப் போனது என்று காட்டாது. அதற்கு வாட்ஸ்அப்தான் கைகொடுக்கும். “தீபாவளிக்குள்ள கொடுத்துடறேன்க்கா” என்று அவர் ஒரு வரி அனுப்பியிருந்தால் ‘சும்மா கொடுத்த’ கதை ஆட்டம் காணும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். கைப்பேசியையும் முழு உரையாடலையும் அப்படியே வைத்திருங்கள். வெட்டி எடுத்த நாலு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

ரொக்கம்தான் இடிக்கிறது. அன்றைக்கே வங்கியில் 6,000 எடுத்த பதிவு உண்டா? கொடுக்கும்போது கூட இருந்தவர் யார்? இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை (பிரிவு 134). நம்பும்படி பேசும் ஒருவரே போதும். ஆனால் பார்த்தவரைக் கூப்பிடாமல் விட்டால், வந்திருந்தால் உங்களுக்குப் பாதகமாகத்தான் பேசியிருப்பார் என்று நீதிபதி ஊகிக்க 114(ஜி) இடம் தருகிறது.

தொகை 5,000 வெள்ளியைத் தாண்டுவதால் சிறு கோரிக்கை முறை உதவாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும். பணம் கொடுத்த நாளிலிருந்து 6 ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

வட்டி ஏதும் வாங்கினீர்களா? வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடன் நிரூபணமானாலே, நீங்கள் வட்டித்தொழில் செய்பவர் என்று 1951 கடன் கொடுப்போர் சட்டம் அனுமானிக்கும்; இல்லை என்று காட்டுவது உங்கள் தலையில் விழும். அப்படி இருந்தால், நோட்டீஸ் அனுப்பும் முன்பே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.