மெக்சிகோ சிட்டி: வண்டியில் போங்கள், நடந்து பாருங்கள்

டெக்சாஸில் வேலைக்கு வந்து, கார் வாங்கி, நீண்ட விடுப்பும் கிடைத்துவிட்டால், "மெக்சிகோ சிட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டே போய்வரலாமா அங்கிள்?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தாராளமாகப் போகலாம். லரேடோ எல்லையிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர். பெரும்பாலும் நல்ல சாலை. ஆனால் இந்தப் பயணத்துக்கு இரண்டு சாமர்த்தியம் வேண்டும். ஊர் எல்லை வரை ஒழுங்காக ஓட்டத் தெரிய வேண்டும். ஊருக்குள் போனதும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். இளவட்டங்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் காகிதங்களைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. ஐ-797 என்ற ஒப்புதல் காகிதம் மட்டும் கையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகிவிட்டது என்றால் கதை வேறு. மெக்சிகோ விசா எடுக்க வேண்டும். திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைவது பற்றி வக்கீலிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையில் போய் நின்றுகொண்டு யோசிக்கும் விஷயம் இல்லை இது.

2. காருக்கும் அனுமதி வேண்டும். எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போகும் வெளிநாட்டு வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி கட்டாயம். அதைக் கொடுப்பது 'பான்ஹெர்சிதோ' என்ற ராணுவ வங்கி. 2007 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால் 400 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். காரின் மேல் கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவரிடமிருந்து ஒப்புதல் கடிதம் தேவை. வாடகைக் கார் என்றால், மெக்சிகோவுக்குக் கொண்டுபோகப் பெரும்பாலான நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. உங்கள் அமெரிக்க இன்ஷூரன்ஸை அங்கே ஏற்க மாட்டார்கள். மெக்சிகோ பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விபத்தில் யாருக்காவது அடிபட்டால், பொறுப்பு யாருடையது என்று தெரியும்வரை ஓட்டியவரையே பிடித்து வைக்க முடியும். அப்போது வக்கீல் செலவையும் ஜாமீனையும் பார்த்துக்கொள்ளும் பாலிசிதான் உதவும்.

3. எல்லையைக் கொலம்பியா பாலத்தில் கடந்து செல்லுங்கள். லரேடோவுக்கு வடமேற்கே இருக்கும் இந்தப் பாலம் நுவோ லியோன் மாநிலத்தில் போய் இறங்குகிறது. நுவோ லரேடோ நகரத்து நெரிசலும் பதற்றமும் இல்லை. கார் அனுமதி அலுவலகமும் அங்கேயே உண்டு.

4. சூரியன் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். இதில் பேரம் கிடையாது. பின்விளக்கு எரியாத லாரி, சாலையில் படுத்திருக்கும் மாடு, வழிப்பறி எல்லாமே இருட்டில்தான் வரும். முதல் நாள் சால்தியோ அல்லது மதேவாலாவில் தங்குங்கள். மதேவாலாவுக்குத் தெற்கே கடக ரேகையைக் கடப்பீர்கள். இரண்டாம் இரவு கேரேத்தரோ. 1738-ல் முடிந்த அந்த ஊர்க் கல் நீர்ப்பாலத்தின் 74 வளைவுகளை மாலை வெளிச்சத்தில் பார்க்கலாம். மூன்றாம் நாள் காலையில் தலைநகருக்கு 215 கிலோமீட்டர் போலத்தான் மிச்சமிருக்கும்.

5. 'குவோத்தா' என்ற கட்டணச் சாலையில் போங்கள். 'லிப்ரே' என்ற இலவசச் சாலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். லிப்ரே ஊர் ஊராக நுழைந்து போகும். ஊருக்கு நாலு 'தோப்பே' இருக்கும். தோப்பே என்றால் வேகத்தடை. பல இடங்களில் பெயிண்டும் இல்லை, பலகையும் இல்லை. சுங்கச்சாவடிக்குச் சில்லறையாகப் பெசோ வைத்திருங்கள். அமெரிக்கக் கார்டை நம்ப வேண்டாம். அங்கே கொடுக்கும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அந்தச் சாலையில் நடக்கும் விபத்துக்கான காப்பீடு அதில் அடக்கம். பலகையில் 110 என்று இருந்தால் அது கிலோமீட்டர். உங்கள் ஸ்பீடோமீட்டரில் 68 மைல். வண்டி நின்றுவிட்டால் 078-ஐக் கூப்பிடுங்கள். சுற்றுலாத் துறையின் 'ஆன்ஹெலெஸ் வெர்தெஸ்' பச்சை வண்டிகள் வந்து உதவும். அவர்கள் உழைப்புக்குக் கூலி கிடையாது, உதிரிபாகத்துக்கு மட்டும் காசு.

6. பெட்ரோல் பங்கில் இறங்கி நில்லுங்கள். அங்கே பணியாள்தான் நிரப்புவார். பச்சைக் குழாய் சாதாரணம், சிவப்பு பிரீமியம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு "யேனோ" சொல்லுங்கள், டாங்க் நிரம்பும். கண்ணாடி துடைத்துக் கொடுத்தால் சில பெசோ கொடுப்பது மரியாதை.

7. ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை நுழையுங்கள். இது என் அனுபவத்தின் சாரம். புகையைக் கட்டுப்படுத்த 1989-ல் 'ஓய் நோ சிர்குலா' என்ற திட்டம் வந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுக்கக் கூடாது. வெளியூர், வெளிநாட்டு வண்டிகளுக்கு இன்னும் கெடுபிடி: வார நாள் காலை 5 முதல் 11 வரை தடை, சனிக்கிழமையும் தடை. ஞாயிறு பொதுவாகத் தடை இல்லாத நாள், நெரிசலும் குறைவு. வெள்ளிக்கிழமை எல்லையைக் கடந்தால் கணக்குச் சரியாக வரும். அதோடு, 'பாசே துரீஸ்திகோ' என்ற இலவசச் சுற்றுலா அனுமதியை இணையத்தில் பதிந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். 7 நாளுக்கோ 14 நாளுக்கோ கிடைக்கும். வடக்கிலிருந்து பெரிஃபெரிகோ சாலையில் வரும்போது நடுவில் ஐந்து வண்ணக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். கட்டிடக் கலைஞர் பர்ரகானும் சிற்பி கோரிட்ஸும் 1950-களின் இறுதியில் எழுப்பிய சத்தேலித்தே கோபுரங்கள் அவை. அங்கிருந்து பேச்சை நிறுத்திவிட்டு வழிகாட்டும் குரலைக் கேளுங்கள். மேம்பாலத்து 'செகுந்தோ பீசோ'வின் கட்டணப் பகுதிக்கு மின்னணு அட்டை வேண்டும், அதனால் கீழேயே வாருங்கள். ரெஃபோர்மா சாலையில் ஞாயிறு காலை சைக்கிள்களுக்குத்தான் இடம். ஓட்டல் அந்தப் பக்கம் என்றால் இரண்டு மணிக்குப் பிறகு போய்ச் சேருங்கள்.

8. சொந்த நிறுத்துமிடம் உள்ள ஓட்டலாகப் பிடியுங்கள். காரை உள்ளே விட்டுப் பூட்டுங்கள். கிளம்பும் நாள்வரை தொடாதீர்கள். தெருவில் விட்டால் கை காட்டி இடம் பிடித்துத் தருபவர் காசு கேட்பார். மீட்டர் நேரம் தாண்டினால் சக்கரத்தில் பூட்டு விழும். குடித்துவிட்டு ஓட்டிப் பரிசோதனையில் மாட்டினால் 20 முதல் 36 மணி நேரம் காவலில் இருக்க வேண்டும். அபராதம் கட்டித் தப்பிக்க வழியில்லை.

9. இனி மெட்ரோவும் கால்களும். 1969-ல் தொடங்கிய மெட்ரோவில் எங்கே போனாலும் 5 பெசோதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு. ஸ்பானிஷ் தெரியாத உங்களுக்கும் அது போதும். முன்பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியவை; பலகையைப் பார்த்து ஏறுங்கள். இஸ்தபலாபா மலைச்சரிவு வீடுகளுக்கு மேலே போகும் கேபிள் வண்டியிலும் ஒருமுறை ஏறுங்கள். 2021-ல் வந்த அது அந்த மக்களின் அன்றாடப் போக்குவரத்து. ஊரின் அளவு அங்கிருந்துதான் விளங்கும்.

10. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும், வெயிலும் சுடும். நடக்கும்போது தரையைக் கவனியுங்கள். அஸ்டெக்குகளின் ஏரித் தலைநகரை 1521-ல் ஸ்பானியர் பிடித்தார்கள். பின்னாளில் ஏரி வற்றிய சேற்றின் மேல் வளர்ந்த நகரம் இது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அந்தக் களிமண் அமுங்கிக்கொண்டே போகிறது. 1910-ல் எழுந்த சுதந்திர தேவதைத் தூணைச் சுற்றித் தரை இறங்கியதால், அடியில் 14 படிகள் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. சோகலோ சதுக்கத்துப் பேராலயத்தின் சாய்வு கண்ணுக்கே தெரியும். பக்கத்திலேயே அஸ்டெக்குகளின் தெம்ப்லோ மயோர் கோயிலின் இடிபாடு. 1978-ல் மின்சார ஊழியர்கள் பள்ளம் தோண்டும்போது கோயோல்சௌக்கி தேவியின் வட்டக்கல் வெளிப்பட்ட பிறகே பெரிய அகழாய்வு தொடங்கியது. மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், திங்கள் விடுமுறை. ஓவியர் ஃப்ரீதா காலோவின் நீல வீட்டுக்கு முன்பதிவு அவசியம்.

11. நிலநடுக்கச் சைரன் கேட்டால் வெளியே வாருங்கள். நிலநடுக்கம் பெரும்பாலும் பசிபிக் கரையோரம் பிறக்கிறது. அலை இங்கே வருவதற்குள் சில பத்து வினாடிகள் எச்சரிக்கை கிடைக்கிறது. 1985, 2017 இரண்டிலுமே செப்டம்பர் 19-ல் இந்த ஊர் அடிவாங்கியது. ஓட்டலுக்குப் போனதும் படிக்கட்டு எங்கே என்று பார்த்து வையுங்கள்.

12. சைவமா? "சின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் பன்றிக் கொழுப்பில் தாளித்த பீன்ஸ் வரலாம். "சின் மந்தேகா" (கொழுப்பு வேண்டாம்) என்றும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதும் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், விசாரியுங்கள். கள்ளித்தண்டு தூவிய 'ட்லகோயோ' என்ற மக்காச்சோள அடை நல்ல காலை உணவு.

13. திரும்புவதும் ஞாயிறாக இருக்கட்டும். முந்தின மாலையே ஓட்டல்காரரிடம் சொல்லிவிட்டு விடியும்போது கிளம்புங்கள். எல்லைப் பாலத்தில் ஏறுவதற்கு முன் பான்ஹெர்சிதோ கவுன்டரில் நிறுத்தி, கார் அனுமதியை ரத்து செய்து ரசீது வாங்குங்கள். வீடு வந்துவிட்ட அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டால் 400 டாலர் திரும்பாது. அடுத்த முறை காரைக் கொண்டுபோகவும் அனுமதி கிடைக்காது.