பழைய வீட்டில் பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சுமார் 80 வருஷத்து ஓட்டு வீடு ஒன்று 30 லட்சத்துக்கு வருகிறது. 5 லட்சத்தில் டைல்ஸ், பெயின்ட், மாடுலர் கிச்சன் போட்டு ஆறே மாதத்தில் 42 லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார் புரோக்கர். இறங்கலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: வீடு நல்ல வீடாக இருந்தால் வாங்குங்கள், அந்த ஆறு மாதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 30 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2.70 லட்சம் அன்றைக்கே போய்விடும். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. வேலைச் செலவையும் சேர்த்தால் அடக்கம் 37.70 லட்சம். மிச்சமாகத் தெரியும் 4.30 லட்சத்தில்தான் இரண்டு தடவை கமிஷன், கடன் வட்டி எல்லாம் போக வேண்டும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள் வரும்; அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். கூரையில் எதிர்பாராத வேலை ஒன்று கிளம்பினாலே இந்த லாபம் கரைந்துவிடும்.

அந்த வேலை கிளம்பத்தான் செய்யும். அக்காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஒன்றிரண்டு மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டாலே பெயின்ட் பொலபொலவென்று உதிரும். வாசலில் நின்று தெருவையும் பாருங்கள். ரோட்டின்மேல் ரோடு போட்டுப் போட்டு, பழைய தெருக்கள் பலவற்றில் வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டது. ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் நடைக்குள் வருமானால், எந்த டைல்ஸும் அந்த வீட்டைக் காப்பாற்றாது. கைமரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; பொதபொதவென்று இறங்கினால் கரையான் அரித்திருக்கிறது என்று பொருள். ஆகவே 5 லட்சத்தில் முதல் பங்கு கூரைக்கும் மரத்துக்கும், அடுத்தது தரையை உயர்த்தி வடிகால் எடுக்க, பிறகு வயரிங், குழாய், குளியலறை. சுவருக்குச் சுண்ணாம்பே போதும்.

"வாங்க வருகிறவர் டைல்ஸைத்தானே பார்ப்பார்?" என்று கேட்பீர்கள். பார்ப்பார்தான். ஆனால் 42 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் குறைவு; வங்கிக் கடனில் வாங்குகிறவரே அதிகம். வங்கியின் மதிப்பீட்டாளர் மனை விலையையும், கட்டடத்தின் வயதையும், இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் வைத்துத்தான் மதிப்புப் போடுவார். கிச்சன் பளபளப்பு அந்தக் கணக்கை அதிகம் ஏற்றாது. திடமான கூரை ஏற்றும். இடித்துவிட்டுக் கட்டலாமே என்றால், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிளான் அப்ரூவலும் புதிதாக வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பத்திரம். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே காட்டும். பிரிக்காத பங்கு அதில் வராது. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. திருத்தம் வந்த அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளின் கையெழுத்து இல்லாமல் அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக் கொடுக்கும் கிரயத்தை வாங்காதீர்கள். தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வாங்கி, வேலையை முடித்து, இரண்டு வருஷத்துக்கு மேல் வாடகைக்கு விட்டுப் பிறகு விற்பதே உங்களுக்கு ஏற்றது. மேஸ்திரி கூலி வரை எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். விற்கும்போது மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ள அதுதான் ஆதாரம்.