ஸ்பானிய மொழியில் எதிர்கால வினை

பிறமொழி கற்கப் புகுவார்க்குப் பெருந்தடையாய் நிற்பது வினைத்திரிபு. வாய்பாட்டை மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுதலே பெரும்பாலார் அனுபவம். ஆயின், ஒரு விகுதி எங்கிருந்து வந்ததென்பதை அறிந்தவன் அதனை எளிதில் மறவான். ஸ்பானிய மொழியின் எதிர்கால வினை இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்பானிய வினைகள் அகராதியில் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைப் பெற்று நிற்கும். ‘அமார்’ நேசித்தல்; ‘கொமேர்’ உண்ணல்; ‘விவீர்’ வாழ்தல். நிகழ்காலத்தில் இவ்வீற்றைக் களைந்தே விகுதி சேர்ப்பர். எதிர்காலத்திலோ ஈற்றைக் களைய வேண்டுவதில்லை. முழுச்சொல்லின் மேலேயே விகுதி ஏறும். மூவகை வினைக்கும் விகுதிகள் அவையே.

யான்: அமரே (நேசிப்பேன்)
நீ: அமராஸ் (நேசிப்பாய்)
அவன், அவள்: அமரா (நேசிப்பான், நேசிப்பாள்)
யாம்: அமரேமொஸ் (நேசிப்போம்)
நீவிர்: அமரேய்ஸ் (நேசிப்பீர்)
அவர்: அமரான் (நேசிப்பர்)

அழுத்தம் விகுதிக்குச் செல்வதால் ‘அமார்’ என்பதன் நெடில் குறுகி ஒலிக்கிறது. எழுதுங்கால், ‘ஏமொஸ்’ ஒழிந்த ஐந்து விகுதிகளின் உயிர்மேலும் அழுத்தக்குறி இடல் வேண்டும். இவ்வாறே ‘கொமெரே’ உண்பேன் எனவும், ‘விவிரே’ வாழ்வேன் எனவும் பொருள்படும்.

தமிழ் மாணவர் ஈண்டு இரண்டினைக் கருத்திற் கொள்க. ‘அமரான்’ என்பதன் ஈறு நம் செவிக்கு ஆண்பாலொருமை போல ஒலிப்பினும், அது பன்மையே; ஒலியொப்புமை தற்செயலானது. அன்றியும், ‘உஸ்தெத்’ என மரியாதையாக ஒருவரை விளிக்கும்போது முன்னிலை வடிவன்று, ‘அமரா’ என்னும் படர்க்கை வடிவமே வரும்.

இனி, இவ்விகுதிகளின் பிறப்பை நோக்குவோம். ஸ்பானியத்தின் தாயாகிய இலத்தீனில் ‘அமாபித்’ என்றால் நேசிப்பான்; ‘அமாவித்’ என்றால் நேசித்தான். பிற்காலப் பேச்சுவழக்கில் உயிர்களிடையே நின்ற பகரம் வகரத்தோடு மயங்கியது. நேசித்தானோ, இனி நேசிப்பானோ என்பது செவிக்கு விளங்காதாயிற்று. இம்மயக்கமும் ஒரு காரணமாக, மக்கள் வேறொரு வழியை நாடினர். ‘உடையேன்’ எனப் பொருள்படும் வினையைச் சேர்த்து, ‘நேசிக்க உடையேன்’, அஃதாவது ‘நேசிக்குங் கடன் எனக்குண்டு’ என்றனர். நாளடைவில் அத்தொடரே ஒருசொல்லாய் இறுகி எதிர்காலம் உணர்த்திற்று.

ஸ்பானியத்தில் அவ்வுடைமை வினையின் நிகழ்கால வடிவங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். மேற்கண்ட வாய்பாட்டோடு ஒப்பிடுக. ‘அபேய்ஸ்’ மட்டும் தன் முதற்பகுதியை இழந்து ‘ஏய்ஸ்’ ஆயிற்று. ஏனைய ஐந்தும் அவ்வாறே உள்ளன. அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492ஆம் ஆண்டில் வெளியிட்ட கஸ்தீலிய மொழி இலக்கணமே இவ்வாக்கமுறையைக் கூறியுள்ளது. நமக்கு ‘யன்னல்’, ‘அலுமாரி’ முதலிய சொற்களை ஈந்த போர்த்துக்கேயம் ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழி. அதன் இலக்கிய நடையில் ‘உன்னை நேசிப்பேன்’ என்பதை ‘அமார்-தெ-எய்’ எனப் பிரித்து, ‘உன்னை’ என்பதை நடுவே வைப்பர். பழைய ஒட்டின் தழும்பு அங்கே இன்றும் தெரிகிறது.

ஏறத்தாழப் பன்னிரண்டு வினைகள் எதிர்காலத்தில் அடியளவில் திரியும். ‘சொல்லுதல்’ எனப்படும் ‘தெஸீர்’ ‘திரே’ என்றும், ‘செய்தல்’ எனப்படும் ‘அஸேர்’ ‘அரே’ என்றும் வரும். அங்கும் விகுதிகள் மாறுவதில்லை. ஆதலின் ஆறு விகுதிகளை அறிந்தவன் எல்லா வினைக்கும் விகுதியை அறிந்தவனாவான்.

எதிர்கால வடிவம் ஊகத்தையும் உணர்த்தும். ‘செரான் லாஸ் த்ரெஸ்’ என்பதற்கு, ‘இப்போது மூன்று மணி இருக்கும்’ என்பதே பொருள். கடிகாரம் பாராமல் நாமும் அவ்வாறே சொல்கின்றோம். ‘இருக்கும்’ என்பது நம் எதிர்கால வடிவமன்றோ! நெடுந்தொலைவிலுள்ள இரு மொழிகள் இவ்விடத்து ஒரே வழியில் நடப்பது வியப்பிற்குரியது.

மாணவர் வாய்பாட்டை மனனஞ் செய்க. ஆனால் அதனோடு அமைந்துவிடாதொழிக. கையிலுள்ள நிகழ்காலத்தைக் கொண்டே ஸ்பானியர் தம் எதிர்காலத்தை ஆக்கினர் என்பதை ஒருமுறை உணர்ந்தால், அவ்வாறு விகுதிகளும் நெஞ்சைவிட்டு நீங்கா.