மீனைச் சொல், மடுவைச் சொல்லாதே

அன்புள்ள கதிர்,

பெரிய மீன் அகப்பட்டால் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டலாமா, வாயைத் திறக்காமல் இருப்பதுதான் தூண்டில்காரனுக்கு அழகா என்று கேட்டிருக்கிறாய். உன்னோடு ஆற்றுக்கு வரும் பெரியவர்கள் மூச்சு விடாதே என்கிறார்கள். உன் வயதுப் பிள்ளைகளோ மீன் கரையேறுவதற்கு முன்பே கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. பெரிய மீன் பற்றிய எந்தச் செய்தியிலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன. மீன் ஒன்று: அது என்ன இனம், எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, எந்த மாதம் கிடைத்தது. இடம் இன்னொன்று: எந்த மடு, எந்தப் பாறைக்குக் கீழே. முன்னதை மறைத்தால் ஆற்றுக்குக் கெடுதல். பின்னதைப் பரப்பினால் அந்த மீனுக்கே கெடுதல். ஆகவே சொல்வதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எதை யாரிடம் சொல்வது என்று கேட்பதே சரி. நான் இப்படி நினைப்பதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காவிரியின் மஹ்சீரை எடுத்துக்கொள். சிவனசமுத்திரத்துக்குக் கீழே மலைகளின் நடுவில் இறங்கி, மேகதாட்டைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வரும் ஆற்றில் வாழ்ந்த திமில் மஹ்சீர், உலகிலேயே மிகப் பெரிதாக வளரும் மஹ்சீர்களில் ஒன்று. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ நூலுக்குப் பிறகு தூண்டில்காரர்கள் நடுவே மஹ்சீருக்குத் தனி மவுசு வந்தது. மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 1946இல் கபினியில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு அடங்கிப்போனது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து வந்த தூண்டில்காரர்கள் சிலர், காவிரியில் பெரிய மீன்கள் இன்னும் இருக்கின்றன என்று வெளியுலகுக்குக் காட்டினார்கள். பிறகு பீமேஸ்வரி, கலிபோரே போன்ற இடங்களில் முகாம்கள் வந்தன. அங்கே பிடிக்கும் மீனை எடைபோட்டு, பதிவேட்டில் எழுதி, மறுபடி ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

நம் பேச்சுக்கு முக்கியமானது அந்தப் பதிவேடுதான். 1998 முதல் 2012 வரையிலான கணக்கை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் பின்னாளில் உட்கார்ந்து படித்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மஹ்சீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டிய செய்திதான்: அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. ஆனால் சராசரி எடை குறைந்துகொண்டே வந்திருந்தது. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெருகியிருந்தது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரிக்கு உரிய மீன் அல்ல. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் நடத்திய பொரிப்பகத்தின் வழி நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விடப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் சத்தமில்லாமல் அருகிக்கொண்டிருந்தது. ஆற்றில் மஹ்சீர் செழிக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்த ஆண்டுகளிலேயே இது நடந்திருக்கிறது. அந்த முகாம்காரர்கள் தாங்கள் பிடித்ததை எழுதாமல் விட்டிருந்தால், ஓர் இனம் போய் இன்னோர் இனம் வந்து உட்கார்ந்ததை நிரூபிக்க இன்றைக்கு எந்தச் சான்றும் இருந்திருக்காது.

இதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு. இத்தனை பேர் பெற்ற இந்த மீன், விலங்கியல் முறைப்படி இன்னது என்று 2018 வரை தெளிவுபடவில்லை. வேறோர் இனத்துக்குரிய பெயரால் அதை அழைத்துவந்தார்கள். அந்த ஆண்டில்தான், காவிரியின் துணையாறான அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரேமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். தமிழ்நாட்டின் மாயாற்றில் எஞ்சியிருந்த மீன்கள் அந்த ஆய்வுக்கு உதவின. உடனே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அது சேர்க்கப்பட்டது. இன்ன இனம் என்று உறுதியாகாத மீனைப் பட்டியலில் ஏற்றுவதும் கடினம், சட்டத்தால் காப்பதும் கடினம். பல தலைமுறைகளாக எத்தனையோ பேர் அந்த மீனோடு படமெடுத்துக்கொண்டார்கள். எடையைப் பேசினார்களே தவிர, அதன் துடுப்பையும் திமிலையும் செதிலையும் கூர்ந்து குறித்துவைத்தவர்கள் மிகச் சிலர். விளம்பரம் குறைவாக இருந்ததால் வந்த குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் செய்தி குறைவாக இருந்தது.

வெறும் பெருமைக்காக எடுத்த படமும் பயன்படும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகள் நல்ல சாட்சி. கீ வெஸ்ட் துறையில் வாடகைப் படகில் கடலுக்குப் போய் வந்தவர்கள், அன்றைக்குப் பிடித்த மீன்களைப் பலகையில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்வது வழக்கம். லோரன் மெக்ளெனகன் என்ற ஆய்வாளர் 1950களிலிருந்து 2007 வரையிலான அத்தகைய படங்களைச் சேகரித்து, மீன்களை அளந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார். தொடக்கத்தில் சராசரியாக 19.9 கிலோ இருந்த மீன் கடைசியில் 2.3 கிலோவுக்கு வந்திருந்தது. படத்தில் நிற்பவர்களின் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு கிலோ மீனோடும் அதே பெருமிதம். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்டதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. டேனியல் பாலி 1995இல் மீன்வள அறிவியலாளர்களுக்குச் சுட்டிக்காட்டிய குறை இதுதான். உன் ஆற்றுக்கும் இது பொருந்தும். இன்றைக்கு நீ பெரிது என்று நினைக்கும் மீன் உன் தாத்தா காலத்தில் குழம்புக்கு எடுத்துப்போகிற அளவாக இருந்திருக்கலாம். அன்றைய அளவை யாரும் எழுதிவைக்காவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. மௌனத்தைப் புகழும் பெரியவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: உங்களோடு சேர்ந்து அந்த அளவுகளும் போய்விட்டால் ஆற்றின் பழைய கதையை யார் சொல்வது?

ஆனாலும் அவர்கள் கவலைக்கு அடிப்படை உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. பாறைகளுக்கிடையில் ஓடும் ஆற்றில் கோடைக்காலத்தில் தண்ணீர் இறங்கும்போது பெரிய மீன்கள் எல்லாம் சில ஆழமான மடுக்களில் ஒதுங்குகின்றன. நாள் முழுக்கக் காத்திருந்து தூண்டிலில் ஒரு மீன் எடுத்துத் திரும்ப விடுகிறவனுக்கு அந்த இடம் தெரிந்தால் பெரிய கேடு இல்லை. தோட்டா வீசுகிறவனுக்குத் தெரிந்தால் ஒரே வெடியில் பெரியதும் சிறியதும் சினைமீனும் எல்லாம் போய்விடும். போகிற மீன்களில் பெரியவற்றின் இழப்புதான் ஈடு செய்ய முடியாதது. மீனின் உடல் இரு மடங்கானால் முட்டையும் இரு மடங்குதான் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான இனங்களில் அதற்கும் மேலே போகிறது. 342 கடல்மீன் இனங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 30 கிலோ எடையுள்ள ஒரே அட்லாண்டிக் காட் பெண்மீன், 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது என்று கணக்கிட்டது. ஆகவே நீ ஊருக்குக் காட்டுகிற பெரிய மீன், அந்த மடுவின் அடுத்த பத்தாண்டுக் குஞ்சுகளுக்குத் தாயாக இருக்கக்கூடும். அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்க நீ ஊர்ப்பெயரை எழுத வேண்டியதுகூட இல்லை. பின்னால் தெரியும் பாறையும் மரமும் பழகின கண்ணுக்குப் போதும். கைபேசி தானாகவே படத்துக்குள் இட அளவுகளைப் பதித்துவிடவும் கூடும்.

அப்படியானால் முழு மௌனமே மேல் அல்லவா என்று நீ கேட்கலாம். இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தைச் சான்றாகச் சொல்கிறவர்கள் உண்டு. ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டம்பரில் அங்கே 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். மீன் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. மீனைப் பற்றி நாடே பேசியது. குளம் எங்கே இருக்கிறது என்பதை அவரும் நண்பர்களும் வெளியில் சொல்லவில்லை. அதே குளத்தில் 1980இல் கிறிஸ் யேட்ஸ் அதையும் மிஞ்சி 51 பவுண்டுக்கு மேல் ஒரு கெண்டையைப் பிடித்தார். ஆனால் இது முழு மௌனத்துக்குச் சான்று ஆகாது. வாக்கரின் மீன் நாள், எடையோடு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மறைக்கப்பட்டது குளம் மட்டும். அதுவும் தனியாருக்குச் சொந்தமான, சிலருக்கு மட்டுமே அனுமதியுள்ள சிறு குளம் என்பதால் முடிந்தது. நம் ஆறுகள் பொதுச்சொத்து. மேய்ச்சலுக்கு வருகிறவர்களும் பரிசல் ஓட்டுகிறவர்களும் நாள்தோறும் புழங்கும் இடங்கள். அங்கே திருடனுக்கு மடு எப்படியும் தெரிந்திருக்கும், உன் மௌனத்தால் என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. உள்ளூரில் தெரிந்தவன் ஒருவன், இருவர். உன் படம் சேர்ப்பது ஆயிரம் பேரை. அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களாகவே இருந்தாலும், கோடையில் ஒரே மடுவில் அத்தனை தூண்டில் விழுந்தால் திரும்ப விடப்படும் மீனும் களைத்துச் சாகும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மீதியிருக்கிறது: புகழ் வந்தால்தானே காவல் வரும்? காவிரி முகாம்களில் அது ஓரளவு நடந்தது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்துவந்த உள்ளூர்க்காரர்கள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளம் வாங்கினார்கள். ஆற்றில் கண் வைத்திருக்க ஆள் இருந்தது. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையைக் கவனி. அங்கே பகுதியைக் குத்தகைக்கு எடுத்து ஆள் போட்ட பிறகு வெளியாட்களை அழைத்தார்கள். காவல் இல்லாத மடுவுக்குப் புகழ் முதலில் போய்ச் சேர்ந்தால், காவல் பின்னாலேயே வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. முகாம்கள்கூட நிலைக்கவில்லை, அந்தப் பகுதி வனவிலங்குச் சரணாலயமாக இருப்பதால் அங்கே தூண்டில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. முதுமலை, சத்தியமங்கலம் வழியே போகும் மாயாறும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே தூண்டில் போடுவது குற்றம். உனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதே.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மீனைத் தண்ணீரை ஒட்டியே வைத்து, பக்கவாட்டில் துடுப்புகள் விரிந்து தெரியும்படி படமெடு; பின்னணியில் கரை தெரியாமல் பார்த்துக்கொள்; கைபேசியில் இடம் பதியும் வசதியை முன்கூட்டியே அணைத்துவிடு. எடைச் சாதனைக்காக மீனைக் கரையில் போட்டுக் கொல்லாதே. உலகச் சாதனைகளைப் பதியும் பன்னாட்டு விளையாட்டுமீன் சங்கமே, மீனை உயிரோடு விட்டபடி நீளத்தை மட்டும் அளந்து பதிவதற்கு 2011இல் வழி செய்துவிட்டது. பொதுவில் காட்டுவதற்கு நீளமும் இனமும் மாதமும் போதும். ஆற்றின் பெயர்கூடத் தேவையில்லை, ‘தென்னிந்திய ஆறு ஒன்று’ என்றாலே போதுமானது. முழு விவரத்தை, இடம் உட்பட, ஆய்வாளருக்கோ மீன்வளத் துறைக்கோ எழுத்தில் கொடு. மாநிலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மீன் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இத்தகைய குறிப்பு எவ்வளவு அரிது என்பது உனக்குத் தெரியாது. ஒன்றும் அகப்படாத நாட்களையும் அதே கவனத்தோடு எழுது. கீ வெஸ்ட் படங்களின் பெரிய குறை அதுதான்: வெறுங்கையோடு திரும்பியவர்கள் படமெடுத்துக்கொள்ளவில்லை. காவிரிப் பதிவேட்டின் மதிப்பு மீன் எண்ணிக்கையில் பாதி, அதன் அருகில் இருந்த மணிக் கணக்கில் பாதி.

இப்படி அரைகுறையாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பொய்யன் என்பார்கள் என்று உனக்குத் தோன்றும். உன் வயதில் அது சின்ன விஷயம் அல்ல. அளவுகோல் பக்கத்தில் கிடக்க எடுத்த படம் அந்தச் சந்தேகத்தில் பெரும்பகுதியைத் தீர்க்கும், மீதியைப் பொறுத்துக்கொள். உன் நண்பன் ஏற்கெனவே மடுவின் பெயரோடு படத்தைப் போட்டுவிட்டான் என்று எழுதியிருந்தாயே, எல்லார் முன்னாலும் அவனைக் கண்டிக்காதே. சண்டை பெரிதானால் அந்த மடுவின் பெயர்தான் இன்னும் பரவும். தனியாகக் கூப்பிட்டுப் பேசு. படத்தை வெட்டி, பெயரை எடுத்துவிட்டுப் போடச் சொல். அப்படியே மீனின் நீளம், தேதி, எத்தனை மணி நேரம் காத்திருந்தான் என்பதையும் கேட்டு வாங்கி உன் குறிப்பேட்டில் அவன் பெயரில் எழுதி வை.

அன்புடன்,
சித்தப்பா